புகுஷிமாவில் மக்களிடம் சொல்லாத கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

2011-ல் ஜப்பானில் சுனாமி தாக்கி நடந்த புகுஷிமா அணு உலை விபத்தைப் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரை படித்தேன். கதிர்வீச்சைவிட மக்களின் பீதிதான் அங்கே அதிகம் பேரைப் பலி வாங்கியது என்று எழுதியிருந்தீர்கள். எண்ணிக்கை சரிதான். வெளியேற்றம், முகாம் வாழ்க்கை, அலைச்சல் இவற்றால் இறந்தவர்கள் புகுஷிமா மாகாணத்தில் மட்டும் 2,300-க்கும் மேல். ஆனால் அதைப் பீதியின் கணக்கில் எழுதலாமா? அணு உலைக்குப் பக்கத்தில் இருந்த மருத்துவமனைகளில் படுத்த படுக்கையாகக் கிடந்த முதியவர்களைப் பேருந்தில் ஏற்றி, எங்கே இறக்குவது என்று தெரியாமல் மணிக்கணக்கில் சுற்றவிட்டார்கள். வழியிலேயே சிலர் போய்விட்டார்கள். எழுந்து உட்காரவே முடியாதவர் எப்படிப் பீதியில் ஓடியிருப்பார்? அவர்களைக் கொன்றது திட்டமில்லாத வெளியேற்றம்.

நமியே என்ற ஊரின் கதையைக் கட்டுரையில் காணவில்லை. 2011 மார்ச் 12 காலை வெளியேறச் சொல்லி உத்தரவு வந்ததும் அந்த ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் வடமேற்கே மலைப்பக்கம் இருந்த ட்சுஷிமா பகுதிக்குப் போனார்கள். உலையை விட்டுத் தூரமாக வந்துவிட்டோம் என்ற நிம்மதியில் குழந்தைகளை வெளியே விளையாட விட்டார்கள். ஓடைத் தண்ணீர் எடுத்துச் சோறு பொங்கியவர்களும் உண்டு. கதிரியக்கப் புகை வந்ததும் அதே திசையில்தான். காற்று எந்தப் பக்கம் வீசும், எங்கே படியும் என்று கணக்கிட ஸ்பீடி என்றொரு கணினி அமைப்பை ஜப்பான் அரசு பல ஆண்டுகளாக வைத்திருந்தது. அதன் கணிப்பு அமெரிக்க ராணுவத்துக்கு மார்ச் 14-ஆம் தேதியே போய்விட்டது. சொந்த மக்களுக்கு வெளியிட்டது 23-ஆம் தேதி. உலையிலிருந்து எவ்வளவு கசிந்தது என்ற அளவு கையில் இல்லாததால் கணிப்பு துல்லியமாக இல்லை என்று பிறகு காரணம் சொன்னார்கள். சரி, காற்றின் திசையையாவது சொல்லியிருக்கலாமே!

அந்த உலையை நடத்திய மின் நிறுவனமும் அப்படித்தான். இவ்வளவு பெரிய சுனாமி அலையை யாரும் எதிர்பார்க்கவில்லை என்றது. ஆனால் 15.7 மீட்டர் வரை அலை வரலாம் என்று 2008-லேயே அதன் அலுவலகத்துக்குள் ஒரு கணக்கு போடப்பட்டிருந்தது. உலைக்குள் எரிபொருள் உருகியதை ஒப்புக்கொள்ள இரண்டு மாதம் ஆனது. மறைத்தது தவறுதான் என்று மன்னிப்புக் கேட்டது 2016-ல். நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழுவோ, இது மனிதர்களால் விளைந்த விபத்து என்று 2012-லேயே எழுதிவிட்டது.

கதிர்வீச்சுக்குப் பயந்து சீனாவில் மக்கள் கடை கடையாக ஏறி உப்பு வாங்கிக் குவித்ததைப் படித்து நானும் அப்போது சிரித்தேன். உப்பில் இருக்கும் அயோடின் கதிர்வீச்சிலிருந்து காக்க வேண்டுமென்றால் அதைக் கிலோ கணக்கில் தின்ன வேண்டும். டோக்கியோவில் நடந்தது வேறு. மார்ச் 23 அன்று ஒரு நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீரில் கிலோவுக்கு 210 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கதிரியக்க அயோடின் இருக்கிறது, கைக்குழந்தைக்கான வரம்பு 100, அதனால் குழந்தைக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்று நகர அரசே அறிவித்தது. கடைகளில் பாட்டில் தண்ணீர் காலியானது உண்மைதான். அரசு தானே பாட்டில் வாங்கிக் குழந்தை இருக்கும் வீடுகளுக்குக் கொடுத்தது. மறுநாள் அளவு வரம்புக்குக் கீழே இறங்கியதும் தடையை எடுத்தது. கெட்ட செய்தியைத் தானே சொன்ன வாயிலிருந்து வந்ததால்தான் நல்ல செய்தியையும் நம்ப முடிந்தது.

நம்பிக்கை போன இடத்தில் மக்கள் சும்மா இருக்கவில்லை. இவாக்கி நகரில் அதே ஆண்டு நவம்பரில் தாய்மார்கள் சேர்ந்து தாராச்சினே என்ற பரிசோதனைக்கூடத்தைத் தொடங்கினார்கள். அரிசி, காய்கறி, மீன், கடல்நீர் என்று தாங்களே அளக்கிறார்கள். பீதி என்ற சொல்லுக்குள் இவர்களை எப்படி அடக்குவது?

நம் பக்கம் வருகிறேன். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. பம்ப் ஹவுஸில் கடல்நீர் புகுந்தும் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். அந்த ஊழியர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் 2011-ல் புகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு கூடங்குளம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள இடிந்தகரை மீனவர்கள் கேள்வி கேட்டார்கள். 2012-ல், அவர்களுக்கு ஆலோசனை சொல்ல மனநல மருத்துவர்களை அழைக்கிறார்கள் என்று செய்தி வந்தது. சுனாமியைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். கேட்டது பதில், வைத்தியம் அல்ல.

உங்கள் பத்திரிகையிடம் ஒன்று கேட்கிறேன். மேட்டூர், வைகை அணைகளின் நீர்மட்டத்தைத் தினமும் போடுகிறீர்கள். அதன் பக்கத்திலேயே கல்பாக்கம், கூடங்குளம் சுற்றுவட்டாரக் கதிர்வீச்சு அளவையும், அன்றைய காற்றின் திசையையும், வழக்கமான அளவு எவ்வளவு என்பதையும் இரண்டு வரியில் போடுங்கள். அணுமின் நிலையத்திடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, கேட்ட தேதியை மட்டும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சதுரங்கப்பட்டினம்.