சாளையும் மரச்சீனியும்

திங்கள்சந்தை

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. திருப்பூரில் அண்ணனுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. மாசக் கடைசியில் பிள்ளைகளுக்குச் சோறும் ரசமும் மட்டும்தான் என்று எழுதியிருந்தாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நானும் அதைச் செய்து பட்டவள்.

போன வருஷம் ஜூன், ஜூலை முழுக்க மழை. மழையில் ரப்பர் பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லாவிட்டால் இவருக்குக் கூலி இல்லை. நம் மேற்குக் கடலில் விசைப்படகுத் தடையும் அதே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைதான், மீன் விலை ஏறிவிட்டது. நான் முதலில் நிறுத்தியது மீனை, அப்புறம் பயறை. ரேஷன் அரிசி இலவசம், தோட்டத்தில் மரச்சீனி (அங்கே மரவள்ளிக்கிழங்கு என்பார்களே) நிற்கிறது, வயிறு நிறைந்தால் போதும் என்றிருந்தேன். பெரியவள் படி ஏறினால் மூச்சு வாங்கினாள். படிக்க உட்கார்ந்தால் தூங்கினாள். சோம்பல் என்று திட்டினேன், செல்வி. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் எட்டரைதான். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

நர்ஸ் அக்கா ஒன்றுதான் கேட்டார்: "கிழங்கு அவிச்சா கூட என்ன வச்சுக் குடுப்ப?"

நம் அம்மாமார் ஒருநாளும் வெறும் மரச்சீனி தந்ததில்லை. சாளை (அங்கே மத்தி மீன் என்பார்கள்) போட்ட புளிமுளக் குழம்பு இல்லாவிட்டால் ஒரு துண்டு கருவாடாவது இருக்கும். நூறு கிராம் கிழங்கில் புரதம் இரண்டு கிராம்கூட இல்லை. அதே எடைச் சாளையில் ஏறக்குறைய 20 கிராம். சாளை மலிவு மீன் என்று நாம்தான் இளக்காரமாகப் பார்த்தோம். நெய்மீன், அதான் வஞ்சிரம், வாங்கும் காசுக்குக் குளச்சல் மீன்காரம்மாவிடம் எத்தனை கூறு சாளை வாங்கலாம்! இப்போது மீன் மலிவாகக் கிடைக்கும் மாசங்களிலேயே நெத்திலி வாங்கிக் காயப்போட்டு வைத்துவிடுகிறேன்.

உனக்கு அங்கே சாளை எளிதில் கிடைக்காது. சரி, சிறுபயறு இருக்கிறதே. கால் கிலோ அவித்தால் நான்கு பேருக்கு ஒருவேளைக் கஞ்சிக்குப் போதும். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கார்டை அங்கே மாற்றினாயா? மாற்றாவிட்டால் இந்த வாரமே போய் எழுதிக் கொடு. சின்னவன் பள்ளியில் மதியம் வாரத்துக்கு ஐந்து முட்டை கிடைக்குமே, வெட்கப்பட்டு வீட்டுச் சோறு கட்டிவிடாதே. நாமும் தட்டோடு அந்த வரிசையில் நின்றவர்கள்தானே.

கீரை வாரத்தில் மூன்று நாளாவது வை. எங்கள் வீட்டில் முருங்கைக்கீரைத் துவரன்தான் (பொரியல்), தேங்காய் துருவிப்போட்டு, கூடவே சோற்றில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து. கீரையில் இருக்கும் இரும்பு உடம்பில் சேர அந்தப் புளிப்பு உதவும் என்றார் நர்ஸ் அக்கா. சாப்பிட்ட கையோடு கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) குடிக்கும் நம் ஊர்ப் பழக்கத்தையும் விடச் சொன்னார், சாயா அந்தச் சத்தைச் சேரவிடாதாம். இவருக்கு அதை விடத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இப்போது ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடிக்கிறார்.

இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தோம், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நாலு மாசத்தில் பெரியவளுக்குப் பதினொன்றரை வந்துவிட்டது. இப்போது பள்ளியில் கபடி ஆடுகிறாள். உன் பிள்ளைகளில் யாராவது சோர்ந்து சோர்ந்து படுத்தால் திட்டாதே, ரத்தம் பார்.

தம்பி அடுத்த வாரம் திருப்பூர் வருகிறான். அரைக்கிலோ நெத்திலிக் கருவாடும் பத்துத் தேங்காயும் கொடுத்துவிடுகிறேன். உன் வாடகை வீட்டு ஓரத்தில் ஒரு முழம் மண் இருக்கிறதா? இருந்தால் உடனே போன் பண்ணிச் சொல்லு, முருங்கைக் கம்பும் வெட்டி அனுப்புகிறேன்.

அன்புடன்,
மேரி