பாண்டியர் அணிக்குக் குதிரை வேண்டுமா?

அன்பு நண்பா,

இங்கு அனைவரும் நலம். விளையாட்டு வடிவமைப்பில் முழுநேரமாக இறங்கிவிட்டாய் என்ற செய்தி மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. பாண்டியர் அணியை வரலாற்றுக்கு நெருக்கமாக அமைத்தால் ஆட்டத்தின் சமநிலை குலையுமோ என்று கேட்டிருந்தாய்.

2022 ஏப்ரலில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டுக்கு வந்த விரிவாக்கத்தில் திராவிடர் தனி அணியானார்கள். கடலில் வலிமை, காலாட்படைக்கு மலிவான மேம்பாடுகள், யானைகள் எல்லாம் அவர்களுக்கு உண்டு; நைட் வரிசை எனப்படும் கனமான கவசக் குதிரைப்படை மட்டும் கிடையாது. அதனால் திறந்த நிலத்தில் விரைந்து வரும் எதிரியிடம் அவர்கள் தடுமாறுகிறார்கள். பலர் குறையாகக் கருதும் இந்த இல்லாமையில்தான் அந்த அணியின் வரலாற்று உண்மை அதிகம் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்கோ போலோ, ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் பாண்டியரின் துறைமுகமான காயலுக்கு வந்ததையும், பெரும்பொருள் கொடுத்து வாங்கிய அக்குதிரைகள் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் மடிந்ததையும் குறிப்பிடுகிறார். ஆகவே உன் அணியில் லாயத்தை எடுத்துவிட்டு, துறைமுகத்தில் பொன் கொடுத்துக் குதிரை வாங்கும்படி வை. கடல்வழி அடைபட்டால் குதிரை வரத்தும் நிற்கட்டும். எதிரிக்குத் தாக்க ஓர் இலக்கும் உனக்குக் காக்க ஓர் இடமும் அதனால் கிடைத்துவிடும்.

வளைந்து சுழலும் நீண்ட வாளான சுருள்வாளை ஏந்திய வீரரை, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸை உருவாக்கியவர்கள் திராவிடரின் சிறப்புப் படையாக்கியதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. திரையில் பார்த்தவுடன் அடையாளம் தெரிய வேண்டும் என்ற தேவை புரிகிறது. ஆனால் நெருங்கி நிற்கும் படைவரிசையில் அதைச் சுழற்றினால் அருகில் நிற்பவனுக்கே ஆபத்து. சோழர் கல்வெட்டுகளில் கைக்கோளர், வேளைக்காரர் என்ற படைப்பெயர்கள் இருக்க, வேறெங்கும் தேட வேண்டியதில்லை. கப்பல்களின் நிலை வேறு. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசனின் புகழுரை) ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்கிறதே தவிர, அக்கலங்களின் அமைப்பைச் சொல்லவில்லை. அங்கே நீ தாராளமாகக் கற்பனை செய்யலாம்.

குதிரைக்கு என்ன விலை வைப்பது என்பதை ஆடிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மலிவாக இருந்தால் இறக்குமதி என்பதற்கே பொருளில்லை; அளவுக்கு மீறினால் யாரும் வாங்க மாட்டார்கள். மாதிரி தயாரானதும் அனுப்பு, நான் எதிரணியில் ஆடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்