ஞாயிறு மாலைக் கூடுகை: ஃபூ ஃபைட்டர்ஸின் நேரலை

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு, பீளமேட்டில் நாம் வழக்கமாகக் கூடும் மாடி அறையில், அமெரிக்க ராக் இசைக்குழுவான ஃபூ ஃபைட்டர்ஸ் 2023 அக்டோபர் 28 அன்று 'சாட்டர்டே நைட் லைவ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாசித்த இரண்டு பாடல்களையும் பெரிய திரையில் பார்த்துப் பேச இருக்கிறோம்.

1997 முதல் இக்குழுவில் டிரம்ஸ் வாசித்த டெய்லர் ஹாக்கின்ஸ் 2022 மார்ச்சில் காலமானார். அடுத்த ஆண்டு மே மாதம் ஜோஷ் ஃப்ரீஸ் அந்த இடத்துக்கு வந்தார். குழுவின் தலைவர் டேவ் க்ரோல் தாமே நிர்வானா என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் என்பதால், அவருக்குப் பின்னால் அமர்வது எவருக்கும் எளிய பணியன்று. அதிலும், நியூயார்க்கில் இரவு 11.30 மணிக்கு, அதாவது நமக்கு மறுநாள் காலை 9 மணிக்கு, நேரலையாகத் தொடங்கிய நிகழ்ச்சியில், அடி பிசகினால் திருத்தி மறுபடி பதிவு செய்ய வழியே இல்லை. ஃப்ரீஸ், மறைந்தவரைப் போல வாசிக்க முயலாமல் தம் கையின் இயல்பிலேயே நின்றார் என்பதும், அதுவே ஹாக்கின்ஸுக்குச் செய்த மரியாதை என்பதும் என் உறுதியான கருத்து. இரண்டாம் பாடலில் பாடகி எச்.இ.ஆர். கிதாருடன் இணையும் இடத்தில் டிரம்ஸ் எப்படி வழிவிடுகிறது என்பதைக் கூர்ந்து கேளுங்கள்.

ஊர் நோம்பியில் துடும்பு மேளம் அடிக்கும் உறுப்பினர்கள் அவசியம் வர வேண்டும். கூட்டத்தில் ஓர் ஆள் மாறினால் அடி என்னவாகும் என்பதை அவர்களே நன்கு அறிவார்கள். ஈரோடு, திருப்பூரிலிருந்து வருவோர் சனிக்கிழமை இரவுக்குள் இங்கேயே பெயரைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.