பையனை வீட்டோடு வைத்துக்கொள்ளாதே, வாத்து

அன்புள்ள வாத்து,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, உன்னை விசாரித்தாள். உன் தோட்டப் புராணம் இரண்டு பக்கத்தையும் படித்தேன், அதற்குப் பதில் அடுத்த கடிதத்தில். கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு நீயே பாடம் சொல்லித் தரப்போகிறாயாம். கெட்ட சகவாசத்துக்குச் சகவாசமே இல்லாதது மேலாம்.

அதற்கு வருகிறேன். முதலில் அக்கா வீட்டுச் செய்தி.

நீ பார்த்தபோது அக்கா தத்தெடுத்த குழந்தை வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. இரண்டரை வயதுவரை காப்பகத்திலேயே வளர்ந்தவள். வேளாவேளைக்கு ஆகாரம், துவைத்த துணி, தடுப்பூசி, எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஆயாவுக்கு நிறையக் குழந்தைகள், ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறும். வந்த புதிதில் அவள் விழுந்தால் அழமாட்டாள். முட்டி சிராய்த்து ரத்தம் வரும், அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தானே எழுந்து போய்விடுவாள். பார்த்தவர்கள் எல்லாம் 'என்ன தைரியம்' என்றார்கள். அக்கா மட்டும் உள்ளே போய் அழுதாள். அழுதால் யாராவது வருவார்கள் என்று தெரிந்த குழந்தைதானே அழும்? இன்னொரு பக்கம், முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவாள். அதையும் 'நன்றாக ஒட்டிக்கொள்கிறாளே' என்று பாராட்டினார்கள்.

போன வாரம் வாசற்படியில் தடுக்கி விழுந்திருக்கிறாள். விழுந்ததும் தலையைத் திருப்பி அக்காவைத் தேடினாளாம். அக்கா நிற்பதைப் பார்த்த பிறகுதான் ஓவென்று ஆரம்பித்தாளாம். உடனே எனக்கு போன்: "அழறாடி, என்னைப் பார்த்து அழறா!" எத்தனை நாள் காத்திருந்தாள் இதற்கு! எனக்கும் பேச்சு வரவில்லை.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கிறேன். 1989இல் ருமேனியாவில் சௌஷெஸ்கு என்ற சர்வாதிகாரியின் ஆட்சி கவிழ்ந்தபோது, அரசு விடுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் இருந்தது வெளியுலகத்துக்குத் தெரியவந்தது. வரிசையாகத் தொட்டில்கள், கொஞ்ச ஆளில்லை. 2000இல் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் அந்நாட்டுத் தலைநகர் புக்கரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். விடுதிகளிலிருந்து 136 குழந்தைகள். சீட்டுப் போடுவதுபோலத் தேர்ந்து, பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு அப்போது கிடைத்த வழக்கமான கவனிப்புத்தான். மிச்சம் பாதியை நினைத்தால் எனக்கு ஆறவில்லை, ஆனால் அதற்கு முன் அந்த ஊரில் வளர்ப்புக் குடும்ப ஏற்பாடே கிட்டத்தட்ட இல்லை. குடும்பத்துக்குப் போன குழந்தைகளுக்கு அறிவுத்திறன் கூடியது, ஒருவரிடம் ஒட்டுதல் வந்தது, மூளையின் மின்துடிப்புகூட மாறியது. குறிப்பாக, இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்கு.

அக்கா குழந்தை வந்தது இரண்டரை வயதில். அந்த வரியைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. இரண்டு வயதோடு கதவு அடைபட்டுவிடுவதில்லை, எல்லாத் திறமைக்கும் ஒரே கெடுவும் இல்லை. தாமதமாக வந்ததும் வருகிறது. வாசற்படியில் வந்துவிட்டதே.

சரி, இப்போது உன் பையன். 'இதெல்லாம் யாருமில்லாத குழந்தைகள் கதை, என் பிள்ளைக்கு நான் இருக்கிறேன்' என்பாய். இருக்கிறாய்தான், உன்னைப்போல் ஒரு அம்மா கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆனால் நீ அம்மா. பத்து வயதுப் பையன் இல்லை. பத்து வயதுப் பையனுக்கு இன்னொரு பத்து வயதுப் பையன் தருவதை உன்னால் தர முடியாது. ஆட்டத்தில் 'நீ அவுட்' என்றால் அவன் அழுது, சண்டை போட்டு, மறுநாள் தானாகப் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். நீ விளையாடினால் விட்டுக்கொடுத்துவிடுவாய். உன் குணம் எனக்குத் தெரியாதா, கேரம் ஆடும்போது பார்த்திருக்கிறேனே!

மத்திய அமெரிக்காவில் நிகராகுவா என்ற நாட்டில் நடந்ததைக் கேள். 1970களின் கடைசிவரை அங்கே காது கேளாத குழந்தைகள் அவரவர் வீட்டில் தனித்தனியாக இருந்தார்கள். வீட்டாரோடு பேச ஆளுக்கு நாலு சைகை, அவ்வளவுதான். அப்புறம் தலைநகர் மனாகுவாவில் அவர்களை ஒரே பள்ளியில் சேர்த்தார்கள். ஆசிரியர்கள் சொல்லித்தந்தது உதட்டசைவைப் படிப்பதும் ஸ்பானிஷும். அது பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் விளையாட்டு மைதானத்திலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சைகைகளைக் கலந்து பேச ஆரம்பித்தார்கள். பின்னால் வந்து சேர்ந்த சின்னவர்கள் அதை வாங்கி, இலக்கணத்தோடு முழு மொழியாக ஆக்கிவிட்டார்கள். எந்தப் பெரியவரும் சொல்லித்தராத மொழி! அந்தப் பிள்ளைகளின் வீட்டிலும் அன்பு இருந்தது. ஆனால் கூட்டம் சேர்ந்த பிறகுதான் மொழி பிறந்தது. இதைப் படித்துவிட்டு அன்று முழுக்க வீட்டில் யாரையும் விடவில்லை, எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன்.

உன் பையனை வகுப்புப் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து கேலி செய்கிறார்கள், பையை ஒளித்துவைக்கிறார்கள், இவன் மதியம் சாப்பிடாமலே வருகிறான் என்று எழுதியிருக்கிறாய். அதைச் சின்ன விஷயமென்று நான் சொல்லவே மாட்டேன். அந்த வகுப்பிலிருந்து அவனை எடுத்தாக வேண்டும், நாளைக்கே. ஆனால் எடுத்து எங்கே வைக்கப்போகிறாய்? தனியறையிலா?

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர் குரங்குக் குட்டிகளைப் பிறந்ததிலிருந்து ஆறு மாதம் தனியாக அடைத்துவைத்தார். கொடுமையான சோதனை, படிக்கவே கஷ்டம். வெளியே விட்டபோது அவை மூலையில் தங்களையே கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடின. மற்றக் குட்டிகளோடு விட்டால் விளையாடத் தெரியவில்லை, அடிபட்டன. பின்னால் அவரும் ஸ்டீபன் சுவோமியும் அந்தக் குரங்குகளை அவற்றைவிடச் சின்னக் குட்டிகளோடு சேர்த்துவிட்டார்கள், மூன்று மாதக் குட்டிகள். சின்னதுகளுக்கு மிரட்டத் தெரியாது, ஓடிவந்து தொற்றிக்கொள்ளத்தான் தெரியும். சில மாதங்களில் பெரியவை அப்படி மூலையில் ஆடுவதை நிறுத்திவிட்டு விளையாட ஆரம்பித்தன. 1972இல் இதை வெளியிட்டார்கள். மனுஷப்பிள்ளை குரங்கில்லைதான். ஆனால் அடிபட்டு ஒடுங்கிய பிள்ளைக்கு மருந்து கூட்டத்துக்கு உள்ளேதான் இருக்கிறது, மிரட்டாத கூட்டமாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் கேட்கிறேன். செஸ் அவனுக்கு நன்றாக வரும் என்றாயே. வாரம் இரண்டு நாள் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரட்டும். உன் வீட்டுத் திண்ணையே போதும். அவர்கள் 'அண்ணா, அண்ணா' என்று மேலே விழுவார்கள். பள்ளியை மாற்று, வகுப்புக்குப் பிள்ளைகள் குறைவான இடமாகப் பார். போய்ச் சேரும்போது அங்கே அவனுக்குத் தெரிந்த ஒரே ஒரு பையனாவது இருக்க வேண்டும். அந்த ஒருவனை முதலில் தேடு. கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வெடுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அது ஓய்வாக இருக்கட்டும், ஏற்பாடாக ஆகிவிடக் கூடாது.

இன்னொன்று. இதையெல்லாம் நீயும் அவரும் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டீர்கள். அவனைக் கேட்டாயா? உன் கடிதத்தில் அவன் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை.

சனிக்கிழமை காலையில் போன் செய்கிறேன். அதற்குள் பள்ளியில் எதையும் எழுதிக்கொடுத்துவிடாதே. பேசும்போது அவனையும் பக்கத்தில் வைத்துக்கொள், முதலில் அவனோடுதான் பேசப்போகிறேன்.

அன்புடன்,
உன் ஒட்டகம்