அம்மாவைக் கேட்டீங்களா?

சுங்கை சிப்புட்
ஞாயிறு

மச்சான்,

ஏழு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, திட்டித் தீர்த்துக்கொள். கிராணி மகன் கல்யாணம் முடிந்தது, சாம்பாரில் உப்பில்லை. மண்டோர் தாத்தா இன்னும் சைக்கிள்தான். செய்தி அவ்வளவே.

நீ எழுதியிருந்தாய்: "அம்மாவுக்கு கிட்னி போச்சு, ரத்தம் கழுவணுமாம், நானும் அண்ணனும் சரின்னுட்டோம்." கழுவப்போவது யார் ரத்தம்டா? டாக்டர் மலாயில் 'சூடா ரோசாக்' (கெட்டுப்போச்சு) என்றதை நீ "கொஞ்சம் சரியில்லையாம்மா" என்று தமிழாக்கியிருப்பாய். பாசம்தான். அந்தக் 'கொஞ்சத்தை' நம்பிப் போகிறவர்கள்தான் முதல் நாளே ஊசியைப் பார்த்து மிரண்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அடுத்த முறை தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பேசச் சொல். மருந்துப் பையை அப்படியே கொண்டு போ, நாட்டு மருந்தும் சேர்த்து.

மெஷினில் ரத்தம் கழுவுவது, அதாவது டயாலிசிஸ், வாரம் 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். தோட்டத்திலிருந்து போய்வர அன்றைய பொழுது போச்சு. அண்ணன் லோரியில் இருப்பான், யார் கூட்டிப்போவது? அதற்கு முன் கையில் ரத்தக்குழாயை இணைக்கிற சின்ன ஆபரேஷன் உண்டு. அது ஊசி தாங்குமளவு தேற 6 முதல் 8 வாரம், சிலருக்கு அதற்கும் மேல். "பார்ப்போம்" என்று தள்ளினால் ஒருநாள் மூச்சு முட்டி, அவசரமாகக் கழுத்தில் குழாய் போடுவார்கள். கிருமி ஏறுவது அதில்தான் அதிகம்.

தண்ணி டயாலிசிஸ் வீட்டிலேயே செய்யலாம். வயிற்றில் ஒரு குழாய், அதன் வழியே பழைய தண்ணீரை வடித்து, புது மருந்துத் தண்ணீரை உள்ளே விடணும்; நாளைக்கு 4 தடவை, 2 லிட்டர் பை. உங்கள் லயன் வீட்டை நினைத்துப் பார்: மாதத்துக்கு 120 பை, சாமி மேடை வரை பெட்டி அடுக்கணும். மாற்றும் அரைமணி நேரமும் ஜன்னல் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, அந்தப் பூனையையும் விரட்டணும். வெளிவந்த தண்ணீர்ப் பையை நாளிதழ் மேல் வைத்தால் எழுத்து தெரியணும். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தால், காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காமல் அந்தப் பையோடு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இனிப்புநீரில் (சர்க்கரை நோயில்) அம்மாவுக்குக் கண் மங்கல். அப்படியானால் செய்யப்போவது அண்ணி. அவரைக் கேட்டீங்களா?

கழுவாமலும் இருக்கலாம். கோபப்படாதே, கைவிடுவதில்லை அது. வீக்கம், அரிப்பு, மூச்சுத்திணறல் எல்லாவற்றுக்கும் மருந்து தொடரும். நாள் குறையலாம்தான். ஆனால் 78 வயதில், இதயமும் பலவீனமாக இருக்கும்போது, கழுவிக் கூடுகிற நாளில் பாதி ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கழியலாம். "எத்தனை நாள் கூடும், அதில் எத்தனை நாள் வீட்டில் இருப்பார்?" என்று டாக்டரிடம் நேராகக் கேள். 3 மாதம் செய்து பார்த்துவிட்டு, ஒத்துவராவிட்டால் நிறுத்தலாமா என்றும் கேள்.

காசுக்கு ஆஸ்பத்திரி சமூகநல அதிகாரியைப் பார். ஐசி (அடையாள அட்டை), சம்பளச் சீட்டு நகல் வேண்டும்.

அய்யோ, மறந்தேன்! அண்ணன் 'கிட்னிக்கு நல்லது' என்று பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) ஜூஸ் கொடுக்கிறானாமே? இன்றைக்கே நிறுத்தச் சொல். கெட்ட கிட்னியால் அதன் விஷத்தை வெளியேற்ற முடியாது. விக்கலில் தொடங்கி, புத்தி தடுமாறி, வலிப்பில் உயிரே போகலாம்.

புதன்கிழமை அம்மாவைப் பார்க்கப் போகிறேன். நீ போன் பண்ணு, ஸ்பீக்கரில் போட்டு அம்மாவையே கேட்போம். ஏழு மணிக்கு மேல் பண்ணு, அண்ணி அப்போதுதான் வேலை விட்டு வருவார்.