டெண்டரில் சங்கிலியையும் எழுதுங்கள்

கொழும்பில் ஆய்வுகூடங்களுக்குப் பொறுப்பாயிருக்கும் பேராசிரியர்களுக்கும் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். ஆய்வுகூடக் காஸ் சிலிண்டர்களின் பாதுகாப்பைப் பற்றி எழுதுகிறேன். இருபத்தாறு வருடம் தொழினுட்ப உத்தியோகத்தராக வேலைசெய்து ஓய்வுபெற்றவன் நான். எங்கே என்று சொல்லமாட்டேன். உங்கள் இடம் என்றே நினைத்து வாசியுங்கள்.

ஒருமுறை ஈயம், கட்மியம் அளக்கும் ஏ.ஏ.எஸ். மெஷின் வந்திறங்கியது. அதன் சுவாலைக்கு வேண்டிய அசற்றலீன் காஸைக் கொண்டுவரும் குழாய் போட வந்தவர் ஏசி வேலைக்காரர். தோளில் சுருள் சுருளாகப் பளபளக்கும் செப்புக் குழாய். அசற்றலீனும் செம்பும் சேர்ந்தால் லேசாகத் தட்டினாலே வெடிக்கக்கூடிய சேர்மம் உண்டாகும் என்று சொல்லி மறித்தேன். "சேர், பேப்பர்ல பைப் எண்டுதானே போட்டிருக்கு" என்றார். அவரில் பிழையில்லை, டெண்டர் பேப்பரில் அப்படித்தான் இருந்தது. உருக்குக் குழாய் வர நாலு மாதம். அதுவரை மெஷினுக்குத் துணிப்போர்வை. பணிப்பாளர் எனக்கு முகம் கொடுக்கவில்லை. சிலிண்டரோ நைலோன் கயிற்றால் மேசைக்காலில் கட்டப்பட்டு நின்றது.

2021 கடைசியில் வீடுகளில் காஸ் அடுப்புகள் வெடித்தபோது நாடே நடுங்கியது. சமையல் காஸிலாவது மேர்கப்டன் என்ற நாற்றப் பொருள் கலந்திருக்கிறது, மூக்கு காட்டிக்கொடுக்கும். ஆய்வுகூட ஐதரசனுக்கு மணமில்லை. பற்றினாலும் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணில் படாது. காற்றில் 4 வீதம் முதல் 75 வீதம் வரை எந்த அளவிலும் பற்றும். காற்றைவிட மிக இலேசானது, கூரையடியில் போய்த் தேங்கும். ஓரிடத்தில் அதன் கசிவைக் காட்டும் டிடெக்டரைத் தரையோரமாகப் பூட்டியிருந்தார்கள், சமையல் காஸுக்குப் பூட்டுவதுபோல!

பணக்கார நாடுகளிலும் நடக்கிறது. 2016இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஐதரசனும் ஒட்சிசனும் கலந்த தொட்டி வெடித்து, இளம் ஆராய்ச்சியாளர் ஒருவர் ஒரு கையை இழந்தார்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. மெஷினுக்கு டெண்டர் போடும் அதே கடதாசியில் சிலிண்டரைப் பிணைக்கும் சுவர்ச் சங்கிலி, சரியான ரெகுலேட்டர், தீ சிலிண்டருக்குள் திரும்பாமல் தடுக்கும் வால்வு, உருக்குக் குழாய், கூரையடி டிடெக்டர் எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு வாங்கலாம் என்று விட்டது எதுவும் என் காலத்தில் வாங்கப்படவில்லை. அதற்குள் அந்த வருடக் காசு முடிந்துவிடும்.

இன்னொன்று. லொறியிலிருந்து சிலிண்டரை இறக்கி, வால்வு மூடியில்லாமல் படியில் உருட்டிக்கொண்டு வருபவர் உங்கள் மாணவர் அல்ல, தொழிலாளி. சுவரிலிருக்கும் அறிவித்தல் ஆங்கிலத்தில். தமிழில் நான் எழுதித் தருகிறேன். சிங்களத்தில் எழுத என்னோடு வேலைசெய்த நண்பர் சம்மதித்திருக்கிறார். காசு வேண்டாம், ஒட்டுவதற்குச் சுவரில் இடம் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழினுட்ப உத்தியோகத்தர்,
வெள்ளவத்தை