மென்பொருள் வாங்குவதற்கு முன்: வழக்கறிஞர் நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு ஜூனியரையும் ஒரு குமாஸ்தாவையும் வைத்துக்கொண்டு தனி அலுவலகம் தொடங்கியிருக்கிறாய் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். வழக்குகளை நிர்வகிக்கும் மென்பொருளை ஆண்டுச் சந்தா கட்டி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. நம்மைப் போன்ற சிறிய அலுவலகங்களுக்குத் தேவையான கருவிகளில் பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கின்றன. நம்மிடம் குறைவாக இருப்பது, கட்சிக்காரர் கொண்டுவரும் மின்னணு ஆவணத்தை அது கைக்கு வந்த நாளிலேயே முறையாகப் பெற்றுப் பாதுகாக்கும் பழக்கம்தான்.

வாய்தா தேதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வழக்குக் கட்டின் மேலட்டையிலும் அந்த வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை, அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணை, எழுதச் சொல். நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் கைபேசிச் செயலியில் அந்த எண்ணைச் சேர்த்துவிட்டால் அடுத்த வாய்தாவும் உத்தரவுகளும் அங்கேயே தெரியும். ஆனால் நீதிமன்ற ஊழியர் பதிவேற்றிய பிறகே அங்கு தேதி மாறும் என்பதால், குமாஸ்தாவின் டைரியை நிறுத்திவிடாதே. செயலி காட்டாத தேதிகளும் உண்டு: பிரதிவாதியின் எதிருரைக்கான 30 நாள், அதை நீட்டித்தால் மொத்தம் 90 நாள், மாவட்ட நீதிமன்ற மேல்முறையீட்டுக்கான 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கான 90 நாள் ஆகியவற்றைக் கைபேசி நாட்காட்டியில் ஒரு வாரம் முன்னதாகவே நினைவூட்டும்படி பதிந்து வைப்பது நல்லது.

இனி, நீ எழுதியிருந்த பணவசூல் வழக்குக்கு வருகிறேன். பிரதிவாதி கடனை ஒப்புக்கொண்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்தியைக் கட்சிக்காரர் உன் கைபேசிக்கு அனுப்பிவைத்திருக்கிறார் என்கிறாய். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அப்படி அனுப்பும்போது முதலில் யார் எப்போது அனுப்பினார் என்ற விவரம் உன்னிடம் வந்து சேராது. புகைப்படமாக இருந்தால் அதன் அளவு சுருங்கி, எடுத்த நேரம் முதலிய உள்விவரங்களும் போய்விடும். செய்தி வந்து சேர்ந்த அந்தக் கைபேசியையே அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொல். உரையாடலை அழிக்கக் கூடாது, தானாக மறையும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்த வேண்டும், வழக்கு முடியும்வரை கைபேசியை மாற்றவோ விற்கவோ கூடாது என்று எழுத்திலேயே கொடுத்துவிடு. பிறகு அந்தக் கோப்பைக் கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றி, அன்றே அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியை, எடுத்து வைக்க வேண்டும். இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை. விண்டோஸ் கணினியிலேயே உள்ள 'செர்ட்யூட்டில்' என்ற கட்டளை போதும். எஸ்.எச்.ஏ. 256 என்ற கணக்கீட்டு முறையில், எழுத்தும் எண்ணும் கலந்த 64 குறிகள் கொண்ட ஒரு வரி கிடைக்கும். ஒலிப்பதிவில் அரை நொடியை யாரேனும் வெட்டினாலும் அந்த வரி முற்றிலும் வேறாகிவிடும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவு மின்னணு ஆவணங்களுக்குக் கேட்கும் சான்றிதழில் இந்த ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழைப் போல ஒருவர் கையொப்பம் இனிப் போதாது. 'பகுதி அ'வைத் தரப்பினரும் 'பகுதி ஆ'வை நிபுணரும் நிரப்ப வேண்டும். கருவியின் தயாரிப்பு, மாடல், கைபேசியின் அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண் ஆகியவற்றையும் கேட்கிறார்கள். சாட்சி விசாரணைக்கு முதல் நாள் இவற்றைத் தேடி ஓடும் நிலை எந்த ஜூனியருக்கும் வரக்கூடாது. அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், அசல் கருவியையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் முன்வைக்காதபோது சான்றிதழ் கட்டாயம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

இன்னொன்று நம் தமிழ் வரைவுகளைப் பற்றியது. சீனியர் காலத்துப் பிராதுகளும் கிரையப் பத்திர மாதிரிகளும் உன்னிடம் வானவில் என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் குறிகளாகத் திறக்கும், கோப்புக்குள் ஒரு சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறியை (யூனிகோட்) தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. இனி எழுதுவதையெல்லாம் ஒருங்குறியிலேயே தட்டச்சு செய்து, அச்சடித்து ஸ்கேன் செய்யாமல் நேராகவே பி.டி.எஃப். ஆக்கினால், நீதிமன்றத்தில் இணையவழியே செய்யும் இ-தாக்கலுக்கும் அது சிறிய கோப்பாக அமையும். பழையவற்றை எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு எடுக்கலாம். ஆனால் இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக எண்ணிச் சிதைத்துவிடும் என்பதால், 'ஏ ஷெட்யூல்' போன்ற இடங்களையும் சொத்து விவரத்தையும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றொருவர் அசலோடு ஒப்பிட வேண்டும்.

கோப்புகளுக்கு ஒரு நகலை வெளி வட்டிலும் இன்னொன்றை இணையச் சேமிப்பிலும் வைத்துக்கொள். நகலெடுத்ததும் வட்டைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். பணம் பறிக்கும் வைரஸ் வந்தால் இணைந்திருக்கும் வட்டையும் சேர்த்தே பூட்டிவிடும். மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பு அவசியம்.

உன் ஜூனியர் செயற்கை நுண்ணறிவில் தீர்ப்புகள் தேடுவதாக எழுதியிருந்தாய். அது தரும் ஒவ்வொரு தீர்ப்பையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கான இ-எஸ்.சி.ஆர். தளத்திலோ உயர் நீதிமன்றத் தளத்திலோ திறந்து முழுவதும் படித்த பிறகே மனுவில் சேர்க்கச் சொல். நியூயார்க்கில் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023இல் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கட்சிக்காரரின் ஆவணத்தை அப்படியே செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒட்டுவதை நான் என் அலுவலகத்தில் அனுமதிப்பதில்லை. சாக்ஷிய அதிநியத்தின் 132ஆம் பிரிவு நம்மீது சுமத்தும் இரகசியக் கடமையை ஓர் இலவசச் செயலியின் நிபந்தனைகளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை.

'பகுதி ஆ'வில் கையொப்பமிட உங்கள் ஊரில் யார் முன்வருகிறார்கள், உங்கள் நீதிமன்றம் யாரை நிபுணராக ஏற்றுக்கொள்கிறது என்பதை மறுகடிதத்தில் எழுது. இங்கே நடைமுறை இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. எனக்கும் அப்படிச் சான்றிதழ் தேவைப்படும் வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன.

அன்புடன்,
உன் நண்பன்